மூன்றாவது எண்

பிப்ரவரி 11

இன்று கடையைத் திறந்தேன். மகள் மோனிஷா போய் எட்டு நாள் ஆகிறது. வீட்டில் இருந்தால் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். எப்படி ஆச்சு, யாரு அடிச்சா, நிக்கவே இல்லியா? எனக்குத் தெரிந்தால் நான் ஏன் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து உங்கள் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்?

கடைக்கு முதலில் வந்தவர் தன் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு பிளக்ஸ் பேனர் அடிக்க வந்தார். "சென்னியப்பண்ணா, துக்கத்துல இருக்கறீங்கன்னு தெரியுமுங். ஆனா வெள்ளிக்கிழமை விசேசமுங்" என்றார். அடித்துக் கொடுத்தேன். படத்திலிருந்த மங்கலை எடுத்தேன், பாதி மூடியிருந்த கண்ணைத் திறந்தேன், கேட்காமலேயே வழுக்கையில் கொஞ்சம் முடியும் வைத்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். மங்கலான படம் 'மோனி டிஜிட்டல்ஸ்' கடையை விட்டு வெளியே போனதே இல்லை.

நான் டைரி எழுதுகிறவன் அல்ல. எஸ்.ஐ.தான் சொன்னார், நடப்பதை எல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள், கேஸுக்கு உதவும் என்று. அதற்காக எழுதுகிறேன்.

பிப்ரவரி 12

உரக்கடை நல்லசிவம் அண்ணன் தன் கடைக் கேமராவில் பதிவானதைக் காப்பி எடுத்துக் கொடுத்தார். பதினைந்து நாள் ஆனால் மிஷின் பழையதை அழித்துவிட்டு அதன் மேலேயே புதியதை எழுதிக்கொள்ளுமாம். போலீஸ் ஒருமுறை வந்து அந்தத் திரையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனதோடு சரி.

பிப்ரவரி 3, காலை ஐந்து ஐம்பத்தொன்று. காலேஜ் பஸ்ஸைப் பிடிக்க மோனி ஸ்கூட்டரில் தாராபுரம் ரோட்டில் போகிறாள். இரண்டு நொடிதான் திரையில் இருக்கிறாள். மூன்று நொடி கழித்து ஒரு வெள்ளை மினி வேன், பின்னால் அடுக்கடுக்காகப் பெட்டிகள். பண்ணையிலிருந்து கறிக்கடைகளுக்குப் பிராய்லர் ஏற்றிப் போகும் கோழி வண்டி. அவ்வளவுதான். அடித்த இடம் பாலத்துக்கு அந்தப் பக்கம், கேமராவுக்கு எட்டாது.

எஸ்.ஐ. கையை விரித்தார். "நம்பர் தெரியலங்க. விடிகாலைல அந்த ரோட்டுல அம்பது கோழி வண்டி போகுது. எதுன்னு பிடிக்கறது?"

"நம்பர நான் எடுத்துக் குடுக்கறனுங்" என்றேன்.

பிப்ரவரி 13

பகல் முழுக்கக் கரண்ட் இல்லை.

பிப்ரவரி 14

ஸ்டேஷனில் மோனியின் பையைத் திருப்பிக் கொடுத்தார்கள். டிபன் பாக்ஸ், குடை, ஒரு ரெக்கார்டு நோட்டு, என்னுடைய பென்டிரைவ், கண்ணாடி உடைந்த போன். பென்டிரைவ் அவள் பைக்குள் எப்படிப் போனது என்று என் மனைவி கோகிலா கேட்டாள். படிக்க ஏதாவது காப்பி எடுத்திருப்பாள் என்றேன்.

போனைச் சார்ஜில் போட்டாள். உயிர் வந்தது. "ஏனுங்க, கடைசியா யாரோ கூப்பிட்டிருக்காங்களாட்ட இருக்குது. யாருன்னு பாருங்" என்றாள். மூக்குக்கண்ணாடி இல்லாமல் அவளுக்குப் படிக்க வராது. கம்பெனி கால் என்று சொல்லிவிட்டு போனைக் கடை மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன்.

பிப்ரவரி 15

எப்படிச் செய்தேன் என்பதைக் கேஸுக்காக விவரமாக எழுதுகிறேன்.

வீடியோ என்பது தனித்தனிப் படங்கள்தான். அவற்றைப் பிரித்து எடுத்தேன். வண்டியின் பின்பக்க நம்பர் பலகை பதினோரு படங்களில் விழுந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் மணலை வாரி இறைத்த மாதிரி புள்ளி. ஆனால் புள்ளி படத்துக்குப் படம் இடம் மாறும், பலகையில் எழுதியிருப்பது மாறாது. அதனால் பதினொன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பம்பரின் மூலையை அடையாளமாக வைத்து எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு நகர்த்தினேன். அடியில் இருப்பது முழுசாகத் தெரிய வேண்டும், அதற்கு மேலே உள்ளது பாதி, அதற்கு மேலே மூன்றில் ஒன்று, அப்புறம் நாலில் ஒன்று. இப்படி அடுக்கினால் புள்ளிகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும், உண்மையில் இருப்பது மட்டும் மிஞ்சும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. யூடியூபில் ஒரு வடக்கத்திப் பையன் இந்தியில் செய்து காட்டினான். அவன் பேசியது ஒரு எழுத்து விளங்கவில்லை. அம்புக்குறி எங்கே போகிறது என்பதை மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

கடைசி நாலு எண்களில் முதலாவது 5, சந்தேகமே இல்லை. இரண்டாவது 2. கடைசி 4. மூன்றாவது இடத்தில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. சேறு அடித்திருக்கிறதா, பலகை நெளிந்திருக்கிறதா, தெரியவில்லை. 3 ஆக இருக்கலாம். 6, 8, 9 எதுவாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 16

வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், கறுப்பைத் தனியாகப் பிரித்தேன். திட்டு திட்டாகவே இருக்கிறது. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்த கோகிலா பின்னால் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று நாளுக்குப் பிறகு அவள் வாசற்படி தாண்டியது இன்றைக்குத்தான்.

"தெரியுதுங்களா?"

"தெரிஞ்சுரும் புள்ள."

"தெரிஞ்சுருமுங்களா?"

மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் தெரிஞ்சுரும் என்றேன்.

பிப்ரவரி 17

மைத்துனன் மயில்சாமி வந்தான். கோழித் தீவனக் கம்பெனியில் சூப்பர்வைசர். பண்ணைகளுக்கு வந்துபோகிற வண்டிகளின் லிஸ்ட்டைக் கொண்டுவந்திருந்தான். தாய்மாமன், சீர் செய்ய வேண்டிய கை, பாடை தூக்கியது. அவனுக்கு நெஞ்சு ஆறவில்லை.

"மாமா, அம்பத்திரண்டுல ஆரம்பிச்சு நாலுல முடியற வண்டி இதுல ரெண்டே ரெண்டுதானுங். ஒண்ணு அம்பத்திரண்டு முப்பத்திநாலு. அது நம்ம பங்காளி நடராசு வண்டி. அவம் பையன் கோகுலுதான் ஓட்டறான். அவன் அடிச்சுப்போட்டு நிக்காமப் போவானுங்களா? நம்மூட்டுப் பையன். இன்னொண்ணு அம்பத்திரண்டு எம்பத்திநாலு. மாரப்பன்னு ஒருத்தன். போன வருசம் ஆட்டுக்குட்டிய அடிச்சுப்போட்டு நிக்காமப் போனவன் அவந்தான்."

திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். "நல்லாப் பாருங் மாமா. எட்டாட்டத்தான இருக்குது?"

"இன்னும் தெளியல மாப்ள" என்றேன்.

"உங்குளுக்குத் தெளிய வெக்கத் தெரியாதுங்களா?"

பிப்ரவரி 18

தெளிந்துவிட்டது. எட்டுதான்.

பலகையில் இருப்பது போன்ற எழுத்தில் ஒரு எட்டை எடுத்து, அதே சாய்வுக்குச் சாய்த்து, திட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். ஓரத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி, மேலே லேசாகப் புள்ளி தூவியதும் அச்சாகப் பொருந்தியது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வைத்தேன். அவ்வளவு பொருத்தமாக இருந்ததால் எடுக்கவில்லை. கூடவே படத்தின் மற்ற இடங்களையும் சுத்தம் செய்தேன். மோனி போகிற படத்தில் அவள் காதிலிருந்து கழுத்து வரை ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. கேமராக் கோளாறு. அதையும் எடுத்தேன்.

பிப்ரவரி 19

இரண்டு படங்களையும் பெரிய அளவில் பளபளத் தாளில் அடித்து எஸ்.ஐ.யிடம் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிரமாதம்ங்க. லேபுக்கு அனுப்பினா ஆறு மாசம் ஆகும், அப்பவும் தெரியலன்னு எழுதி அனுப்புவான். இது எப்படிங்க வந்துச்சு?"

"சுத்தம் பண்ணுனனுங்" என்றேன்.

பிப்ரவரி 20

மாரப்பனைப் பிடித்துவிட்டார்கள். கோகிலா இன்று மூன்று இட்லி சாப்பிட்டாள்.

பிப்ரவரி 21

ஸ்டேஷனுக்குப் போனேன். அவனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. செருப்பைக் கழற்றி அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒட்டிய கன்னம். கான்ஸ்டபிள் அவனை ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குக் கூட்டிப்போனார். இடது காலை வெளிப்பக்கமாக ஒரு சுழற்றுச் சுழற்றி இழுத்து வைத்து நடக்கிறான். நன்றாகக் கவனித்திருக்கிறார்கள் போல. எனக்கு இரக்கம் வரவில்லை.

என்னைப் பார்த்ததும் நின்றான். "சாமி சத்தியமா நானில்லீங்க. அன்னிக்கு அந்நேரத்துக்கு நான் காங்கயத்துல லோடு எறக்கிட்டு இருந்தனுங். கடைக்காரரு பில்லு குடுத்திருக்காருங்" என்றான். பில்லை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றார் எஸ்.ஐ. ஆமாம், நானே அடித்துத் தருவேன்.

அவன் வண்டி வாசலில் நின்றது. பின்பக்க நம்பர் இரண்டு வரியாக எழுதியிருக்கிறது. வீடியோவில் ஒரே வரி. பிடிபடுவோம் என்று பலகையை மாற்றியிருப்பான்.

பிப்ரவரி 25

நாலு நாளாக வேறு வேலையே இல்லை. பேனருக்கு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டேன்.

எஸ்.ஐ. சொன்னார், படம் சரி, எப்படி அடிச்சான்னு பார்த்தால் மேலதிகாரிகளுக்கும் விளங்குமே என்று. அதனால் அனிமேஷன் செய்கிறேன். இதற்கும் அந்த இந்திக்காரப் பையன்தான். பாலத்தின் படத்தைப் போனில் எடுத்துவந்தேன். வீடியோவிலிருந்து வேனைக் கத்தரித்தேன், மோனியைக் கத்தரித்தேன். சக்கரங்களைத் தனியாக வெட்டிச் சுற்றவிட்டேன். முதலில் வைத்தபோது வண்டி பொம்மை மாதிரி ஒரே சீராக நகர்ந்தது, உயிர் இல்லை. பாலத்துக்கு முன்னால் கொஞ்சம் நிதானித்து அப்புறம் பாயும்படி வைத்ததும் நிஜம் மாதிரி வந்துவிட்டது. அடிபடுவதற்கு முந்தின படத்தில் வேனைச் சற்றே நீளமாக இழுத்துவிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வேகம் நெஞ்சில் குத்தும்.

மோனி விழுவதை வைக்கத்தான் கை வரவில்லை. பன்னிரண்டு படம் வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று செய்தேன். எந்தக் கை முதலில் தரையில் படும் என்று எனக்கு என்ன தெரியும்? கடை ஷட்டரை இறக்கிவிட்டு நானே தரையில் விழுந்து பார்த்தேன்.

பிப்ரவரி 27

முடிந்தது. பதினாலு நொடி. நம்பர் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கடைசியில் பெரிதாக நிற்கிறது. மயில்சாமி தன் போனுக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன்.

மார்ச் 1

ஊர் முழுக்க அதுதான். டீக்கடையில் ஒருவர் என்னிடமே காட்டினார். "பாருங், நின்னு நெதானமா குறி வெச்சு ஏத்தியிருக்கறான் பாவி." நான் செய்தது என்று சொன்னேன். "நீங்க செஞ்சா என்னங், நடந்ததுதான இது?" என்றார்.

பஸ் ஸ்டாண்டு முன்னால் இரண்டு மணி நேரம் மறியல். மோனியின் காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கவனக்குறைவு என்று போட்ட கேஸை மாற்றி, வேண்டுமென்றே செய்ததாக, ஜாமீன் கிடைக்காத பிரிவில் போட்டுவிட்டதாக எஸ்.ஐ. வந்து அறிவித்தார். கைதட்டினார்கள். கோகிலாவும் தட்டினாள்.

நான் வண்டியை நிதானிக்க வைத்தது பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

மார்ச் 3

மோனி போய் ஒரு மாதம். மாரப்பன் வீட்டு ஓட்டின் மேல் யாரோ கல் எறிந்திருக்கிறார்களாம்.

மார்ச் 9

மாரப்பனின் மனைவி கடைக்கு வந்தாள். துளசிமணி என்று பெயர் சொன்னாள். நெற்றியில் பிளாஸ்திரி. அது யார் எறிந்த கல் என்று நான் கேட்கவில்லை.

"நான் யாருன்னு தெரியுமாம்மா?"

"தெரிஞ்சுதானுங்ண்ணா வந்தன். உங்க புள்ளைக்கு நானும் அழுதனுங். எனக்கும் ஒரு பொட்டப்புள்ள இருக்குது."

"அப்புறம் எதுக்கு இங்க வந்த? போ வெளிய" என்று கத்தினேன். போகவில்லை. முந்தானையில் முடிந்திருந்த மெமரி கார்டு ஒன்றை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள்.

"காங்கயத்துல கறிக்கடைக்கு எதுத்தாப்புல ஒரு கேமரா இருந்துச்சுங்ண்ணா. அன்னிக்கு அவரு லோடு எறக்கறது அதுல விழுந்திருக்குது. ஆனா மூஞ்சி தெரியல, வண்டி பாதிதான் தெரியுது. ஓரத்துல மணி எழுதியிருக்கறதும் கலங்கலா இருக்குதுங். வக்கீலு இது செல்லாதுங்கறாரு. நீங்க மங்கல்ல இருந்து நம்பரையே எடுத்தீங்களாமா. எங்கூட்டுக்காரரு மூஞ்சியக் கொஞ்சம் எடுத்துக் குடுங்ண்ணா. உங்கள உட்டா இந்த ஊர்ல யாருக்கும் இது வராதுங்கறாங்க."

இப்படி ஒரு மனுஷி வந்து நிற்பாள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போய்விட்டாள்.

மார்ச் 10

காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தேன். முறையாகச் செய்தேன். நாற்பது படங்களைப் பிரித்து அடுக்கினேன். எதையும் எடுத்து ஒட்டவில்லை. மணியில் ஐந்து மட்டும் தெளிந்தது, நிமிஷம் தெளியவில்லை. முகம் மொத்தமே சதுரம் சதுரமாக ஆறேழு கட்டம்தான். அதில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. இல்லாததை எந்த அடுக்கு அடுக்கினாலும் கொண்டுவர முடியாது. இது எனக்கு முதல் நாளே தெரியும்.

அப்புறம் படத்தை விட்டுவிட்டு வீடியோவை ஓடவிட்டேன். அந்த ஆள் கோழிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் போகிறான், வருகிறான். இடது காலை வெளிப்பக்கமாக ஒரு சுழற்றுச் சுழற்றி இழுத்து வைக்கிறான். பிப்ரவரி 3ஆம் தேதி. போலீஸ் அவன் மேல் கை வைப்பதற்குப் பதினேழு நாள் முன்னால்.

அது அவன் நடைதான். பன்னிரண்டு படத்தில் ஒரு பிள்ளையை விழ வைத்தவன் நான், எனக்கு நடை தெரியும்.

முகத்தை வரைந்துவிடலாமா என்று பார்த்தேன். ஸ்டேஷனில் பார்த்த அந்த ஒட்டிய கன்னம் மனசில் அப்படியே இருக்கிறது. அரை மணி நேர வேலை. வரைந்தால் அது உண்மையும்கூட. ஒரு கண்ணை வைத்தேன். எடுத்துவிட்டேன். சாயங்காலம் வந்த துளசிமணியிடம் கார்டை அப்படியே கொடுத்து, நடையைப் பார்க்கச் சொல்லி வக்கீலிடம் சொல்லும்மா என்றேன். "நடைய வெச்சு எப்படீங்ண்ணா நம்புவாங்க?" என்றாள். நியாயமான கேள்வி.

மார்ச் 11

இதைக் கேஸுக்காக எழுதவில்லை.

அந்த வெள்ளைக் கோடு கேமராக் கோளாறு இல்லை. இயர்போன் வயர். ஐந்து ஐம்பதுக்கு நான்தான் அவளைக் கூப்பிட்டேன். காலையிலேயே கொடுக்க வேண்டிய சீர் பேனர் ஒன்று அந்தப் பென்டிரைவில் இருந்தது. எங்கடி வெச்ச என்று கத்தினேன். "பையில இருக்குதாட்ட இருக்குதுப்பா, இருங்க நிறுத்திப் பாக்கறேன்" என்றாள். நிறுத்தறதெல்லாம் வேண்டாம், உடனே சொல்லு என்றேன். பிறகு சத்தம் வந்தது.

மோனி, நான் உன்னைக் கொன்றேனா, அந்த வண்டி கொன்றதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் மாரப்பன் கொல்லவில்லை. அது மட்டும் தெரியும்.

மார்ச் 12

கோகிலாவிடம் எட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். போனைப் பற்றிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எட்டு இல்லைன்னா வேற எதுங்?"

"தெரியல புள்ள. அங்க எதுவும் தெரியல. நான்தான் எட்ட எடுத்து வெச்சன்."

"தெரியலைங்கறதுக்கா இத்தன நாளு அந்த டப்பா முன்னால உக்காந்திருந்தீங்க?"

"அந்தாளு வேற ஊர்ல இருந்திருக்கறான். ஒரு பாவமும் அறியாதவன்."

"என்ற புள்ள என்னங் பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. "ஒருத்தன் உள்ள இருக்கறான்னு நெனச்சுத்தான் நான் சோறு திங்கறன். அதையும் புடுங்கிறாதீங்."

வெளியே போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்தேன். அதற்குள் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

மார்ச் 13

ஸ்டேஷனுக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். நேராக விஷயத்தைச் சொன்னேன். "ஐயா, அந்த எட்ட நான்தான் வெச்சனுங். வேணும்னா பாருங்க."

எட்டு இருந்த அடுக்கை அணைத்துக் காட்டினேன். வெறும் திட்டு. எஸ்.ஐ. புருவத்தைத் தூக்கினார். அடுத்து மூன்றை வைத்தேன், ஓரத்தை மங்கலாக்கினேன், புள்ளி தூவினேன். பொருந்தியது. ஆறை வைத்தேன். அதுவும் பொருந்தியது. ஒன்பதும் பொருந்தியது. இப்போதாவது விளங்குமே என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இருங்க இருங்க. அந்த மூணு... இன்னொருக்கா வைங்க" என்றார்.

வைத்தேன்.

"மூணுதான்யா கரெக்டா உக்காருது."

"ஐயா, எத வெச்சாலும் உக்காருமுங். நான் உக்கார வெக்கறனுங்."

"எட்டு இல்லைன்னு நீங்கதான சொல்றீங்க?"

"ஆமாங்."

"அப்ப மூணு." கேஸ் எழுதும் ரைட்டர் பக்கம் திரும்பினார். "அந்த மயில்சாமி குடுத்த லிஸ்ட்ட எடுங்க. அம்பத்திரண்டு முப்பத்திநாலு யாருது?"

நானே வரைந்தேன் என்று எழுதிக் கொண்டுபோயிருந்த தாளை நீட்டினேன். என் மேல் கேஸ் போடுங்கள், மாரப்பனை விடுங்கள் என்றேன். அவர் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பைக்குள்ளேயே செருகினார். "புள்ளையப் பறிகுடுத்த மனுசன உள்ள வெச்சா ஊரு என்னைய உடுமா? மாரப்பன் இருக்கட்டும். ரெண்டுல ஒருத்தன் எப்படியும் சொல்லுவான். நீங்க போய் ரெஸ்ட் எடுங்க."

அங்கிருந்து மாரப்பனின் வக்கீலிடம் போனேன். கோர்ட்டில் கேஸ் விசாரணைக்கு வரும்போது சாட்சியாகக் கூப்பிடுகிறேன் என்றார். எப்போது வரும் என்று கேட்டேன். ஒன்றரை வருடம், இரண்டு வருடம் ஆகும் என்றார்.

மார்ச் 15

நடராசு மகன் கோகுலைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இருபத்தொரு வயது. அன்றைக்குக் காலையில் அந்த ரோட்டில் போனது உண்மைதான், யாரையும் அடிக்கவில்லை என்கிறானாம். அடித்தது அவன்தானா என்று எனக்குத் தெரியாது. அவன் வண்டியிலும் நம்பர் ஒரே வரிதான் என்று ரைட்டர் போனில் சொன்னார். இந்த ஊர்க் கோழி வண்டிகளில் பாதிக்கு ஒரே வரிதான்.

மத்தியானம் என் போனுக்கே அனிமேஷன் வந்தது. நான் செய்ததுதான். ஆனால் கடைசியில் நிற்கிற நம்பரில் எட்டை யாரோ மூன்றாக்கியிருக்கிறார்கள். செல்போனிலேயே செய்திருப்பார்கள். என்னிடம் தூக்கிக்கொண்டு வந்திருந்தால்கூட இதைவிட நேர்த்தியாகச் செய்திருக்க முடியாது.

மார்ச் 16

மயில்சாமி வந்து வாசலிலேயே நின்றான். மாப்ள உள்ளே வா என்றதற்கு வரவில்லை.

"பங்காளியூட்டுல ஒருத்தரும் என்ற மூஞ்சியப் பாக்கறதில்ல. லிஸ்ட்ட நான்தான குடுத்தன்? நடராசண்ணன் சம்சாரம் மண்ண வாரித் தூத்துது. எல்லாம் உங்களால மாமா."

"நான் மூணுன்னு சொல்லவே இல்ல மாப்ள."

"எட்டில்லைன்னு ஏன் சொன்னீங்? சரி, ஆனது ஆயிருச்சு. இப்ப நாஞ் சொல்றதக் கேளுங். ஆறுன்னு போட்டுக் குடுங். அந்த நம்பர்ல நம்ம ஜில்லாவுலயே கோழி வண்டி இல்லைன்னு விசாரிச்சுட்டன். எவனோ வெளியூர்க்காரன்னு போயிரும். யாருக்கும் பாதகமில்ல."

"எந்த நம்பர் போட்டாலும் அதுக்கு ஒரு ஆளு இருப்பாண்டா" என்றேன்.

"இருந்தா இருந்துட்டுப் போறான். நமக்குத் தெரியாதவன்தான?"

முடியாது என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன். கோகிலா உள்ளேயிருந்து துணிப்பையோடு வந்தாள். பை ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்திருக்கிறது. மோனியின் போட்டோவையும் எடுத்துக்கொண்டாள்.

"ஆறு போடறதுக்கு உங்குளுக்கு எந்நேரமாகும்?" என்று கேட்டாள்.

"அரை மணி நேரம்."

"அந்த அரை மணி நேரத்த என்ற தம்பிக்குக் குடுக்க முடியல. போட்டதுக்கப்புறம் கூப்புடுங், வாரன்" என்று சொல்லி மயில்சாமி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

மார்ச் 17

சோறு வடித்தேன். குழைந்துவிட்டது. கடை திறக்கவில்லை.

மார்ச் 18

காலையில் துளசிமணி போன் செய்தாள். கோகுலைப் பிடித்ததும் தன் புருஷனை விட்டுவிடுவார்கள் என்று மூன்று நாளாக ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். விடவில்லை. இன்றைக்கு அவனைச் சப் ஜெயிலிலிருந்து கோயமுத்தூர் ஜெயிலுக்கு மாற்றிவிட்டார்கள்.

"நீங்க ஸ்டேஷன்ல வந்து உண்மையச் சொன்னீங்களாமா. ரைட்டரு சொன்னாருங்ண்ணா. நீங்க நல்லா இருக்கோணும்" என்றாள். என்னை வைதிருந்தால் தேவலை. அவள் பக்கம் பஸ் சத்தம் கேட்டது.

"ஏனுங்ண்ணா, எட்டு மூணு ரெண்டும் இல்லாம வேற ஒரு நம்பர் வந்துட்டா ரெண்டு பேரையும் உட்டுருவாங்களாமா?"

"அப்படித்தான் சொல்லுவாங்கம்மா."

"அப்ப எதாவது ஒண்ணு போட்டுக் குடுங்ண்ணா. அவரு வந்துட்டாப் போதும். யாரா இருந்தாலும் பரவால்ல."

சரி என்றேனா, முடியாது என்றேனா என்று நினைவில்லை. கடைக்கு வந்து சிஸ்டத்தைப் போட்டேன். பதினோரு படங்களையும் மறுபடி அடுக்கி, மூன்றாவது எண் இருக்க வேண்டிய இடத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்திருக்கிறேன். மணி பன்னிரண்டு ஆகிறது. காலையிலிருந்து இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே எந்த எண்ணும் இல்லை.